அப்பாவின் பெயரைக் கூப்பிட்ட ஒலிபெருக்கி

போன வருடம் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. திருத்தணியில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலையாகப் போயிருந்தேன். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து தரும் சென்னை நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஜாவா சர்வரை மாடி அறையில் ஏற்கெனவே நிறுவியாகிவிட்டது. டாக்டர் அறை, மருந்தகம், நோயாளிகள் காத்திருக்கும் கூடம் ஆகிய இடங்களில் உள்ள கணினிகளில் அதற்கான கிளையன்ட் புரோகிராமை ஓடவைத்துச் சர்வரோடு இணைப்பதுதான் என் பொறுப்பு. டாக்டர் தன் அறையில் ஒரு பொத்தானை அழுத்தினால், அடுத்த நோயாளியின் பெயரைக் கூடத்து ஒலிபெருக்கி சொல்ல வேண்டும். அதுவரை டோக்கன் எண்ணைச் சொல்லி நர்ஸ்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் அவர் அறையில் உட்கார்ந்தேன். புரோகிராம் திறந்தது, ஆனால் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று நின்றுவிட்டது. பார்த்தால், அமைப்பில் சர்வரின் பழைய முகவரியே இருந்தது. மாடிக்குப் போய் அதைச் சர்வரிலேயே திருத்திவிட்டு வந்து மறுபடி திறந்தேன். இணைந்துகொண்டது.

சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டும். வழக்கமாக ‘டெஸ்ட்’ என்று போடுவோம். அன்றைக்கு என் விரல்கள் அப்பாவின் பெயரை அடித்தன. அவர் இறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அழைக்கும் பொத்தானை அழுத்தினேன்.

கதவுக்கு வெளியே ஒலிபெருக்கி அப்பாவின் பெயரைச் சொன்னது. நான் திருத்திய அமைப்பைக் கூடத்துக் கணினியும் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெயரை அப்படிச் சத்தமாகக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

அப்பாவுடையது மலைமேல் இருக்கிற சாமியின் பெயர்களில் ஒன்று. இந்த ஊர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும். நடந்ததைச் சொல்லலாம் என்று வெளியே போனால், கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

“உங்க டோக்கனுக்கு இன்னும் நேரம் ஆவுங்க. உக்காருங்க,” என்றார் நர்ஸ்.

“பேரு சொன்னாங்களேம்மா,” என்றபடி அவர் இரண்டு அடி வைத்தார். சட்டை முழுக்க வியர்வை. முகம் வெளிறியிருந்தது. மூன்றாவது அடியில் தடுமாறினார். ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன், நர்ஸும் மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.

“இன்னா பண்ணுதுங்க?” என்று கேட்டேன்.

அவர் மனைவிதான் பதில் சொன்னார். “காத்தாலருந்து தோள்பட்ட வலிக்குதுன்னு சொல்லிகினே இருந்தாரும்மா. எல்லாருந்தான காத்துகினு கீறாங்க, நாம எப்பிடி முந்திப்போறதுன்னு உக்காந்துட்டோம்.”

டாக்டர் ஓடிவந்தார். ஈசிஜி எடுத்ததும் மாரடைப்பு என்றார். ஊசி போட்டு, உடனே ஆம்புலன்ஸில் திருவள்ளூருக்கு அனுப்பினார்கள். ஏறும்போது அந்த அம்மா என் கையை விடவில்லை. “உன் பேரு கூட தெரியாதும்மா,” என்றார். சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

திரும்பிவந்து கணினி முன் உட்கார்ந்தேன். திரையில் அப்பாவின் பெயர் அப்படியே இருந்தது. சோதனைப் பதிவை அழித்தால்தான் வேலை முடியும். என்னால் முடியவில்லை. அது எங்கப்பா பேர் என்று நர்ஸிடம் சொன்னேன். “எப்பிடி எடுக்கறதுன்னு காட்டிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. நான் எடுத்துடறேன்,” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். படியேறப் போகிறவர்கள் மஞ்சள் துணியோடு தெருவில் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மருந்தகத்துக்கு வந்த புதுக் கணினியை இணைக்க மறுபடி போனேன். அன்றைக்குப் பெரியவரும் மாத்திரை வாங்க வந்திருந்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம். மெலிந்திருந்தாலும் முகத்தில் தெளிவு இருந்தது. நர்ஸ் என்னை அடையாளம் காட்டியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அன்னிக்கி கூப்ட்டது என்னை இல்லையாமே?”

“இல்லீங்க. எங்கப்பா பேரும் அதுதான்.”

“ஆங்.” மாத்திரைப் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, “அவரு நல்லாக்கீறாரா?” என்று கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தேன். நான் வேலையை முடித்துப் பஸ் ஏறும்வரை, மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே இருந்தார்.

இப்போதெல்லாம் எந்த ஊரில் எந்தக் கணினியை இணைத்தாலும், பொத்தானை அழுத்துவதற்கு முன் கதவைத் திறந்து கூடத்தில் இருப்பவர்களின் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். வலியைச் சொல்லாமல் தன் முறைக்காகக் காத்திருக்கும் யாரோ ஒருவர் அங்கே இருக்கக்கூடும்.