வேக்காடு போட்ட மத்தியானம்

இது நடந்தது. கட்டிவிட்ட பேச்சில்லை. பேய் என்றால் நடுச்சாமம், அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு எங்காவது போய்ப் படித்துக்கொள்ளட்டும். இது பட்டப்பகலில் நடந்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சிப் பொழுதில், நாலு பக்கமும் வெளிச்சம் கொட்டுகிற இடத்தில் நடந்தது. ஒளிந்துகொள்ள அங்கே ஒரு நிழல்கூடக் கிடையாது.

சந்தேகம் இருந்தால் குன்னம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். வெற்றிச்செல்வி ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பாள். மழை சாரலாக அடித்தாலும் கண்ணாடியை இறக்க விடமாட்டாள். கண்டக்டர் சத்தம் போட்டால் இறங்கி நடந்துவிடுவாள். அந்தக் கொட்டாய்க்குப் போகும்வரை அவளுக்கு அப்படியொரு பழக்கம் இருந்ததில்லை.

கொட்டாய் என்றால் மாட்டுக் கொட்டாய் இல்லை. பசுமைக்குடில். லெப்பைக்குடிக்காட்டு அன்சார் பாய் கல்ஃபில் இருந்து திரும்பி வந்து, குன்னம் ரோட்டில் சோளம் விளைந்த கரிசல் காட்டில் போட்டது. "பாலைவனத்துலயே கீரை வெளயுது, நம்ம காட்டுல வெளயாதா?" என்பார். மண்ணே இல்லாமல், குழாயில் ஓடும் தண்ணீரில் சாலட் கீரையும் வெள்ளரியும் வளர்த்தார். கூடவே ஊர்ப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் பயிற்சி. பயிற்சி முடித்துத் தேறினவர்களுக்கு நிரந்தர வேலை.

வெற்றிச்செல்விக்கு அந்த வேலை வேண்டும். வெங்காயம் அறுத்தும் பருத்தி எடுத்தும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. பிள்ளை எட்டாவது படிக்கிறாள். இன்னொரு வருஷம் வெயிலில் குனிய அவளால் ஆகாது.

சொல்லிக்கொடுத்தவன் தமிழ்மாறன். வயசில் சின்னவன், வாயில் பெரியவன். "செடி வாடுனா நீங்களும் வூட்டுக்குக் கெளம்பலாம்" என்பதுதான் முதல் நாள் பாடம். கொட்டாயின் ஒரு கோடியில் தண்ணீர் ஊறும் அட்டைச் சுவர். மறுகோடியில், வாசல் பக்கம், ராட்சச ஃபேன்கள். ஃபேன் காற்றை இழுக்கும். வெளிக்காற்று ஈர அட்டை வழியாகக் குளிர்ந்து உள்ளே வரும். "இது வெறும் காயிதந்தான். ஆரும் சாஞ்சு நிக்காதீங்க, பிச்சுக்கும்" என்று அட்டையைத் தட்டிக் காட்டினான். நடுவிலும் மூலையிலும் சின்னச் சின்னப் பெட்டிகள் தொங்கும். சென்சார். உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அதன் முகத்தில் எண் ஓடும்.

முதலில் அவள் கவனித்தது அந்த எண்ணைத்தான்.

அட்டைச் சுவரை ஒட்டின மூலைதான் கொட்டாயிலேயே குளிர்ச்சியான இடமாக இருக்கவேண்டும். ஆனால் தென்கிழக்கு மூலைப் பெட்டி மட்டும் எப்போதும் கூடுதலாகக் காட்டியது. பெட்டியை மாற்றினார்கள். புதுசும் அதையே காட்டியது.

"அக்னி மூலைல்ல? பாய் எடத்துலயும் வாஸ்து வேலை செய்யுது பாரு" என்று கூடப் படித்த உத்திராபதி சிரித்தான்.

வெற்றிச்செல்வி சிரிக்கவில்லை. அவள் அங்கே நின்று பார்த்திருந்தாள். சூடு மேலிருந்து இறங்கவில்லை. பக்கத்தில் இருந்து வந்தது. காய்ச்சல்காரி ஒருத்தி ஒட்டி நின்றால் அடிக்குமே... அப்படி.

இரண்டாவது விஷயம் பேர் கூப்பிடுவது.

வெங்காயக் காட்டில் மேஸ்திரி பேர் கூப்பிடும்போது, ஜோடிக்காரி வரத் தாமதமானால் இவள் குரல் கொடுத்துவிடுவாள். அரை நாள் கூலி போகாதில்லையா? ஒருத்தி செய்தால் மறுநாள் மற்றவள் செய்வாள். கொட்டாய்க்கு வந்த பெண்களும் அதே பழக்கத்தோடுதான் வந்தார்கள். சாயங்காலம் கொட்டாயைச் சாத்தும்போது தமிழ்மாறன் வெளியே நின்று கை மைக்கில் பேர் சொல்வான். ஆள் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க. ஒவ்வொருவரும் "வெளிய" என்று சொல்லவேண்டும். அவன் நிமிர்ந்து பார்க்கமாட்டான். காதில் குரல் விழுந்தால் போதும்.

ஒரு நாள் வெற்றிச்செல்வியின் ஜோடிக்காரி ஜோதி, தம்பி மகளுக்குக் காது குத்து என்று உடையார்பாளையம் போய்விட்டாள். அவன் மறந்துபோய் "ஜோதி" என்று கூப்பிட்டான்.

"வெளிய."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "லீவு போட்டவ வெளியதான் இருப்பா. அதுக்கும் ஒரு குரலா?" என்று தமிழ்மாறன் வெற்றிச்செல்வியைப் பார்த்து முறைத்தான்.

அவள் வாயையே திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று பேசாமல் நின்றாள். ஆனால் அந்தக் குரல் ஜோதியின் குரல்தான். மூக்கால் பேசுகிற அதே இழுப்பு.

சித்திரையில் ஒரு விளைச்சல் முடிந்தது. அடுத்த நடவுக்கு முன்னால் கொட்டாய்க்கு வேக்காடு போடுவார்கள். வெள்ளை ஈ, பூஞ்சை எல்லாம் சாகவேண்டும். குழாய், வாளி, கத்தி, கயிறு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவார்கள். ஃபேனை நிறுத்தி, பக்கவாட்டு பிளாஸ்டிக் திரைகளை இறக்கி, வாசலைப் பூட்டி மூன்று நாள் போட்டுவிட்டால் போதும். வெயில் பார்த்துக்கொள்ளும். உள்ளே புழு பூச்சி மிஞ்சாது.

எதுவும் மிஞ்சாது.

அன்று பயிற்சியின் கடைசி நாளும்கூட. அன்சார் பாய் வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி. டெம்போ வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மூலைல சென்சாரு தொங்குது. சூட்டுல வீணாப்போயிரும். போய்க் கழட்டிட்டு வாங்க" என்றான் தமிழ்மாறன்.

வெற்றிச்செல்வி போனாள். செல்போனும் செருப்பும் வழக்கம்போல வாசல் அறையில் இருந்தன. உள்ளே கொண்டுபோகக் கூடாது.

மூலைக்குப் போனாள். பெட்டியைக் கழற்றினாள். ஃபேன் இரைச்சலுக்கு மேலே மைக் கேட்டது.

"உத்திராபதி..."

இப்பவே கூப்பிட ஆரம்பிச்சுட்டாரே என்று நினைத்தாள். அனுப்பின ஆளையே மறந்துவிட்டான்.

"ஜோதி..."

ஒருவருடைய பதிலும் அவள் காதில் விழவில்லை. அவ்வளவு தூரம்.

"வெற்றிச்செல்வி..."

"சார், உள்ள இருக்..." என்று அவள் வாயெடுத்தாள்.

"வெளிய."

அது தூரத்தில் இருந்து வரவில்லை. அவள் காதுக்குப் பக்கத்தில். பால் நிற பிளாஸ்டிக் சுவருக்கு அந்தப் பக்கம்... ஒரு முழ தூரத்தில்.

அவளுடைய குரல்.

திரும்பிப் பார்த்தாள். சுவருக்கு வெளியே ஒரு உருவம் நின்றது. கொட்டாயில் எல்லோரும் போடுகிற வெள்ளைக் கோட்டு. அவள் உயரம். அவளைப் போலவே வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நின்றது. பிளாஸ்டிக் வழியாக முகம் தெரியவில்லை. முகம் இருக்கவேண்டிய இடம் மட்டும் கறுப்பாக...

திரைகள் 'கர்ர்ர்' என்று இறங்கின. ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. டப்... டப்... டப்.

உருவம் நகர்ந்தது. வாசல் பக்கமாக நடந்தது. ஜல்லியில் காலடி. சரக்... சரக்...

வெற்றிச்செல்வி உள்ளே கூடவே ஓடினாள். சுவரைக் கையால் அறைந்தாள். "ஏய்! ஆரு நீ? நில்லு! சார்! ஜோதி!"

அது திரும்பவில்லை. அவசரப்படவும் இல்லை.

வாசலில் பூட்டு விழுந்தது.

வெளியே தமிழ்மாறன் குரல். "சீக்கிரம் ஏறுங்கம்மா! ஒங்களுக்காகத்தான் நிக்குது."

டெம்போக் கதவு. டம்.

வண்டி போய்விட்டது. அவள் இடத்தில் அது ஏறிப் போய்விட்டது.

அப்புறம் சத்தமே இல்லை.

கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். 43.

கதவை உதைத்தாள். இரும்பு. தோளால் மோதினாள். பிளாஸ்டிக்கை நகத்தால் கீறினாள். நகம் மடங்கியது. சுவர் மடங்கவில்லை.

47.

ஈரம் ஆவியாகிச் சுவரில் பூத்தது. பூத்த ஈரத்தில் கைத்தடம் தெரிய ஆரம்பித்தது. ஒன்று. இன்னொன்று. கதவுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில். நின்றுகொண்டு வைத்ததில்லை. விழுந்து கிடந்து வைத்தது.

தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அவள் கை இல்லை. சின்னக் கை.

51.

மூச்சு விட்டால் மூக்கு எரிந்தது. கண் இருட்டியது. தரையில் உட்காரச் சொல்லி உடம்பு கெஞ்சியது. உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டோம் என்று தெரிந்தது. பிள்ளை முகம் வந்தது.

54.

எண் அணைந்துவிட்டது.

காயிதந்தான்... சாஞ்சு நிக்காதீங்க... பிச்சுக்கும்...

அட்டைச் சுவர்!

ஓடினாள். விழுந்தாள். தவழ்ந்தாள். மூலையில் சூடு அவளைத் தள்ளியது. காற்று இல்லை, ஆனால் தள்ளியது. கண்ணை மூடிக்கொண்டு காலால் உதைத்தாள். ஒரு உதை.

இன்னொன்று.

அட்டை பிய்ந்தது.

அப்பால் பூச்சி வலை. புடவையில் குத்தியிருந்த ஊக்கைப் பிடுங்கிக் கிழித்தாள். தலையை விட்டாள்.

காற்று.

எவ்வளவு நேரம் அட்டைக்குக் கீழே தண்ணீர் வடியும் தொட்டியில், அழுக்குத் தண்ணீரில் கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஜோதி அலறின அலறலில்தான் கண் விழித்தாள். அந்தி ஆகியிருந்தது.

"நீ எப்படிடி இங்க வந்த? எங்ககூடத்தானே சாப்பாட்டுக்கு வந்த!"

"நான் எங்கடி வந்தேன்? உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனீங்க."

ஜோதி நம்பவில்லை. கூட வந்த உத்திராபதியும் நம்பவில்லை. டெம்போவில் அவள் ஜோதியை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாளாம். "அடுப்பாட்டம் கொதிக்குதடி ஒன் ஒடம்பு, தள்ளி ஒக்காருன்னு நான்தான் சொன்னேன்." பாய் வீட்டில் ஒரு வாய் சோறு தொடவில்லையாம். தண்ணீர்தான். சொம்பு சொம்பாக. பாயின் அம்மா ஆயிஷா பீவி பக்கத்தில் வந்து, "யா அல்லாஹ், ஏம்புள்ள இப்புடி வேர்க்குது?" என்று முந்தானை முனையால் முகத்தைத் துடைக்கப் போனாராம். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாராம். சுட்டுவிட்டது.

"கை கழுவ கொல்லப்பக்கம் போன. அப்பறம் ஆளக் காணோம். ஒன் பையி இங்க கெடக்கேன்னுதான் தேடி வந்தோம்."

தமிழ்மாறன் அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை தருவதாகத்தான் சொன்னார்கள். அவள் போகவில்லை.

உடம்பு தேறின பிறகுதான் மெல்ல ஆட்கள் சொன்னார்கள். முதல் பயிற்சிக்கு மீன்சுருட்டியில் இருந்து பொன்னாயி என்று ஒருத்தி வந்தாளாம். அவளையும் இதேபோல வேக்காட்டில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். அவள் தப்பவில்லை. மாரடைப்பு என்று சொல்லி மூடிவிட்டார்கள். ஜோடிக்காரிதான் தெரியாமல் குரல் கொடுத்துவிட்டாள் என்று பேச்சு. "அந்த ஆத்திரத்துலதான் பொன்னாயி பழி வாங்குறா" என்றார்கள்.

வெற்றிச்செல்விக்கு அந்தச் சின்னக் கைத்தடம் ஞாபகம் வந்தது. பாவம் என்றிருந்தது. பழம் வாங்கிக்கொண்டு மீன்சுருட்டிக்குப் போனாள். பொன்னாயியின் புருஷன் பேர் பாவாடை. வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"இனி யாரையும் ஒண்ணும் பண்ண வேண்டாம்னு அவங்களுக்கு ஒரு படையல் போடுங்கண்ணே" என்றாள்.

"பொன்னாயி இல்லம்மா அது."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அன்னைக்கு உச்சில அவ வூட்டுக்கு வந்தா. நான்தான் கதவத் தொறந்தேன். தண்ணி கேட்டா. குடத்தோட குடிச்சா. ஒடம்பு அனலாக் கொதிச்சுது. காச்சலா புள்ளன்னேன். பதில் இல்ல. கை கழுவ கொல்லப்பக்கம் போனா."

அவர் கொட்டையைக் கிளறுவதை நிறுத்தினார்.

"பொழுது சாய ஆள் வந்து சொன்னான். காலையில இருந்து உள்ளதான் கெடந்துருக்கா. உச்சியிலயே உசுரு போயிருச்சாம். உசுரு போன நேரம், அது இங்க நின்னு தண்ணி குடிச்சுட்டு இருந்துச்சு."

வெற்றிச்செல்விக்கு அப்போதுதான் புரிந்தது. பொன்னாயி பேயே இல்லை. பொன்னாயிக்கும் முன்னாலிருந்தே அங்கே ஏதோ...

"ஒங்க வூட்டுக்கு வந்துச்சாம்மா?" என்று பாவாடை கேட்டார்.

"இல்லண்ணே. பாய் வூட்டோட காணாமப் போயிருச்சு. எங்க வூட்டுக்கு வரல."



"வூட்ல இப்ப ஆரு இருக்கா?"

"பொண்ணு மட்டும் தனியா..."

"அப்ப இன்னும் வரல" என்றார். "ஓடும்மா."