அந்த வீட்டின் பின்வாசலில் கர்த்தர் எங்களை நிறுத்தினார்

என் இடது கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை. கடப்பாரையால் ஓங்கி அடித்தார்கள். முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. அம்மாவின் கன்னத்தில் தையல் போட்ட தழும்பு நிற்கிறது. நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. ஜெபம் பண்ணப் போனோம். வாங்கப் போகிற வீட்டைச் சுற்றி நடந்து ஜெபித்துக்கொண்டிருந்தபோது இது நடந்தது. அன்று காலையில் செத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். இன்று உயிரோடு உட்கார்ந்து, இந்த ஒன்றரைக் கையால் தட்டச்சு செய்கிறேன் என்றால் அது கர்த்தர் செய்ததுதான். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

என்னை வீட்டில் ஜெனி என்று கூப்பிடுவார்கள். எங்களுக்குப் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். அப்பா திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டிகள் அனுப்பும் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி வாடகை வீடு. நான் பிறந்ததே அங்கேதான். போன வருடத் தொடக்கத்தில் வீட்டுக்காரர் வந்து, இடித்துக் கட்டப் போகிறேன், வேறு இடம் பாருங்கள் என்றார். அம்மா அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை. "ஏட்டி, இன்னும் எத்தன வருசத்துக்கு அடுத்தவன் செவுத்துல ஒரு ஆணி அடிக்கக் கேட்டுக்கிட்டு நிக்கது?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்கு எதையும் உடனே செய்து முடிக்க வேண்டும். அப்படி ஒரு சுபாவம். வங்கிக் கடனுக்கு அலைந்தேன், கைப்பேசியில் வீடு வீடாகப் பார்த்தேன், தரகர்களைப் பிடித்தேன். அப்படிக் கிடைத்தவர்தான் செல்வம். எங்களைப் பார்த்ததும் "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்பார். அவரே நெற்றி நிறையத் திருநீற்றோடு வேறொரு குடும்பத்துக்கு வீடு காட்டியதையும் பார்த்திருக்கிறேன். தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று சிரித்துக்கொண்டேன். எங்கள் தரப்பு ஆள் அவர் என்று நினைத்தோம். விற்கிறவரிடமும் கமிஷன் பேசியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் காட்டிய வீடு திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு முறையும் அவரே தன் காரில் கூட்டிப்போய் முன்வாசலில் இறக்குவார், திரும்பக் கொண்டுவந்து விடுவார். நீல வண்ணம் அடித்த கூடம். மாடியில் நின்றால் கடல் தெரியும். ஜன்னல் ஓரத்தில் என் மேசைக்கு மூலைகூடப் பார்த்துவிட்டேன். கூடத்தின் கடைசியில் ஓர் இரும்புக் கதவு, பூட்டியிருந்தது.

"அது என்ன அண்ணே?" என்றேன்.

"ஓனரோட பழைய சாமான் சிஸ்டர். கலீஜா கிடக்கு. பதிவுக்கு முன்னாடி நானே காலி பண்ணிக் குடுத்துடறேன். உங்களுக்கு ஏன் அந்தக் கவலை?"

வில்லங்கச் சான்று எடுத்தேன். பட்டா, தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் வழக்கறிஞர் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் இருக்கிற மனிதர்கள் வில்லங்கச் சான்றில் தெரிய மாட்டார்கள்.

பதிவை மட்டும் செல்வம் தள்ளிக்கொண்டே போனார். ஓனர் ஊரில் இல்லை என்பார், நாள் சரியில்லை என்பார். அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது, விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பின. அந்த வாரமே போன் வந்தது. "சிஸ்டர், அடுத்த வாரம் பதிவு வச்சுக்கலாம். வீடு சுத்தமா காலியா இருக்கும். அது என் பொறுப்பு." கர்த்தருடைய வேளை வந்துவிட்டது என்று அம்மா கண்ணீர் விட்டார்.

எங்கள் ஜெபக்குழுவில் எரிகோ ஜெபம் என்று சொல்லுவோம். கேட்கிற இடத்தைத் தினமும் ஒரு சுற்று, கடைசி நாளில் ஏழு சுற்று நடந்து ஜெபிப்பது. வேதத்தில் இஸ்ரவேலர் ஏழு நாள் சுற்றி வந்ததும் எரிகோ பட்டணத்தின் மதில் விழுந்ததுபோல் தடை விழும் என்ற விசுவாசம். காலையில் அலுவலகம் போவதற்கு முன்னால் நானும் அம்மாவும் போய்விடுவோம். ஆனால் அங்கே வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு வீட்டைச் சுற்ற வேண்டுமென்றால் அந்த வரிசை முழுவதையும் சுற்ற வேண்டும். அப்படித்தான் செல்வத்தின் கார் எங்களை ஒருநாளும் கொண்டுபோகாத பின்சந்துக்குள் நுழைந்தோம்.

அங்கே ஒரு பின்வாசலில் ஒரு பெண் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பாள். மீன் விற்கிறவள். முதல் நாள் முறைத்தாள். மறுநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"இன்னாமா, டெய்லி சுத்திகினு கீறீங்க? வேண்டுதலா?"

"ஆமாம்மா. இந்த வரிசையில ஒரு வீடு பாத்துருக்கோம். அது கிடைக்கணும்னு ஆண்டவர்ட்ட கேக்கோம்" என்றார் அம்மா.

"அதுக்குப் போய் காலு தேய நடக்கணுமா? எங்க அம்மன் உக்காந்த எடத்துலயே குடுக்கும்" என்று சிரித்தாள். பெயர் அஞ்சலை. அடுத்த நாள் அம்மா கையில் நாலு சங்கரா மீனைத் திணித்தாள். "வாங்குமா, வாங்கு. நல்ல எடம். எனக்குப் பேச்சுத் தொணையாச்சு. சுத்தறதுதான் சுத்தற, எனக்கும் சேத்து சுத்து. எங்க வூட்ட காலி பண்ணச் சொல்லி ஒர்த்தன் மெரட்டிகினு கீறான். லீசுக்குக் குட்த்த துட்ட ஓனரு திருப்பித் தந்தா, நாளைக்கே சட்டியத் தூக்கிகினு போயிடுவேன். தர மாட்டேங்கறான். ஆம்பளையும் போட்டுல போயிட்ச்சி."

மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பதைத்தான் லீசு என்கிறார்கள். அது வாய்ப்பேச்சாகவே நடந்திருந்தது.

அன்றிலிருந்து அம்மா நடக்கும்போது இரண்டு விண்ணப்பம் வைத்தார். "ஆண்டவரே, அந்த வீட்டை எங்களுக்குத் தாரும். தடையாய் நிற்பதெல்லாம் இடிந்து விழட்டும். அஞ்சலையை அவள் வீட்டிலிருந்து ஒருவரும் அசைக்காதபடி காத்துக்கொள்ளும்." ஷேர் ஆட்டோவுக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தோடு, இரண்டுக்கும் நான் ஆமென் சொன்னேன். பிரியமானவர்களே, என்ன கேட்டுக்கொண்டிருந்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை.

கடைசி நாள். ஏழு சுற்றில் பாதிதான் முடிந்திருக்கும். சந்து முனையில் திரும்பும்போதே சம்மட்டிச் சத்தம் கேட்டது. பிறகு அலறல்.

அஞ்சலையின் சமையலறைச் சுவரை நாலு பேர் இடித்துக்கொண்டிருந்தார்கள். கூரை ஷீட்டு நொறுங்கி அடுப்பின்மேல் கிடந்தது. மீனும் ஐஸ்கட்டியும் சாக்கடையில் மிதந்தன. மொட்டைத் தலைக்காரன் ஒருவன் அஞ்சலையின் தலைமுடியைக் கையில் சுற்றி வாசற்படியில் இழுத்தான். அவள் விடவில்லை. கதவு நிலையைக் கட்டிப்பிடித்திருந்தாள். அவன் அவள் தலையை அதே நிலைக்கட்டையில் மோதினான். சத்தம் கேட்டது. நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம் வழிந்தது. அப்படியும் அவன் கையைக் கடித்தாள்.

"உட்ரி கையை! ஏய், சாவுகிராக்கி!"

"செத்தாலும் இங்கதாண்டா சாவேன்! உங்க ஆத்தா வூடாடா இது?"

சந்தில் ஜன்னல்கள் மூடிக்கொண்டன. நான் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தபடியே ஓடினேன். உடைந்த சுவர் வழியாக உள்ளே பார்த்தேன். அங்கே ஓர் இரும்புக் கதவு, இப்போது திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நீல வண்ணம் அடித்த கூடம். என் மேசைக்கு நான் பார்த்து வைத்திருந்த மூலை. அந்த மூலையில் செல்வம் நின்றுகொண்டிருந்தார்.

தடை இடியட்டும் என்று நாங்கள் கேட்டோமே. இடிந்துகொண்டிருந்தது.

செல்வமும் என்னைப் பார்த்துவிட்டார். "சிஸ்டர், நீங்க எதுக்கு இங்கல்லாம்? நான்தான் காலி பண்ணித் தர்றேன்னு சொன்னேன்ல? வீட்டுக்குப் போங்க. சாயங்காலம் சாவி குடுக்கறேன்." கூரியர் வந்தால் வாங்கி வையுங்கள் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அஞ்சலை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். "இந்த வூட்டுக்கா சுத்துனீங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அடிபட்ட கையைவிட அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அம்மா போய் அஞ்சலையின்மேல் படுத்துவிட்டார். ஐம்பது வயது தாண்டியவர், மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். "எங்களுக்கு வீடு வேண்டாம். எங்க பேரச் சொல்லி இவள தொடாத" என்று கத்தினார். செல்வத்தின் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். ஸ்தோத்திரமெல்லாம் போய்விட்டது. "வேண்டாமா? நாலு மாசம் உங்க பின்னாடி நாயா அலைஞ்சேனே, அதுக்கு?" என்று வந்தவர், அம்மாவின் முகத்தில் மோதிரக் கையால் அறைந்தார். கன்னம் கிழிந்தது. நான் பாய்ந்தேன். மொட்டைத் தலைக்காரன் கடப்பாரையைச் சுழற்றினான். தலைக்கு வந்ததைக் கையில் வாங்கினேன். கைப்பேசி சாக்கடையில் விழுந்தது. என் கை எனக்குச் சொந்தமில்லாததுபோல் தொங்கியது. கீழே விழுந்தேன். அவன் மறுபடியும் ஓங்கினான். என்னை நோக்கி அல்ல, அம்மாவின் முதுகை நோக்கி.

நான் ஜெபக்குழுவில் நீளமாக ஜெபிக்கிறவள். அப்போது வாயில் வந்தது ஒரே வார்த்தை. "இயேசுவே!"

சந்தில் ஆட்டோ ஒன்று சரிந்து நின்றது. லுங்கியும் உப்புத் தண்ணீருமாக ஆட்கள் குதித்தார்கள். முன்னால் வந்தவர் அஞ்சலையின் கணவர் கோதண்டம். நடுக்கடலில் இருக்க வேண்டியவர். முந்தின நாள் படகின் இஞ்சின் நின்றுபோனதாம். வேறொரு படகு கட்டி இழுத்துக் காசிமேட்டில் கொண்டுவந்து விட்டதாம். நஷ்டத்தைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஓடாத இஞ்சினுக்காக நான் இன்றும் நன்றி சொல்லுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததும் கொடூரம்தான், மறைக்க மாட்டேன். சம்மட்டி கை மாறியது. பல் தெறித்தது. மூன்று பேர் ஓடிவிட்டார்கள். மொட்டைத் தலைக்காரன் சாக்கடையில் குப்புறக் கிடந்தான். செல்வத்தை அந்த நீலக் கூடத்திலேயே தள்ளி, கோதண்டம் அவர் மார்பில் காலை வைத்துக் கடப்பாரையை உயர்த்தினார். குத்தினால் முடிந்தது. எனக்கு வெறி. குத்தட்டும் என்றுதான் நினைத்தேன்.

அம்மா ரத்தம் ஒழுகத் தவழ்ந்து போய்க் கோதண்டத்தின் காலைப் பிடித்தார். "வேண்டாம்யா. மதில் விழுந்த ஊருலயும் ஒரு வீட்ட ஆண்டவர் தொடாம வச்சாரு. உன் வீடு தப்பிச்சுட்டுய்யா. அதுல கொலை விழ வேண்டாம்." பிறகு கண்ணை மூடி, செல்வத்தின் உயிருக்காக ஜெபிக்கத் தொடங்கினார். அறைந்தவனுக்காக. சத்தமாக.

"உடு மா! என் பொண்டாட்டி மண்டைய ஒடச்சிகீறான்!"

வாசலில் முந்தானையால் நெற்றியை அமுக்கிக்கொண்டு அஞ்சலை கத்தினாள். "யோவ், போடு அத்த கீய! நீ ஜெயிலுக்குப் போயிட்டா இந்தச் செவுத்த எவன்யா கட்டுவான்?"

கடப்பாரை தரையில் விழுந்தது. அந்த ஓசையைத்தான் நான் எங்கள் ஜெபத்தின் பதில் என்கிறேன்.

போலீஸ் வந்தது. வழக்கு நடக்கிறது. எனக்கு அறுவை சிகிச்சை முடிந்து, அரசு ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தேன். வீடும் இல்லை, கையும் இல்லை, கொருக்குப்பேட்டையில் காலி செய்ய வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எல்லாம் போச்சேம்மா" என்று அழுதார். எனக்கும் விசுவாசம் ஆடியது. அப்போது நெற்றியில் தையலோடு அஞ்சலை தூக்குச் சட்டியில் மீன் குழம்பு கொண்டுவந்தாள்.

"இன்னா, மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? எங்க வரிசையிலயே கடைசி வூடு. புள்ளையாண்ட பெங்களூரு போறாங்க. விக்கறாங்க. நல்ல மன்சங்க. வந்து பாரு. ஆனா இந்தத் தபா பின்னாடி பக்கமா வா."

பின்பக்கமாகத்தான் போனேன். அந்த வீட்டுக்கும் தரகர் உண்டு, ஒரு அக்கா. எடுத்தவுடன் கேட்டேன். யார் உங்களுக்குக் கமிஷன் தருகிறார்கள்? உள்ளே யார் யார் இருக்கிறார்கள்? அவர்கள் எங்கே போகிறார்கள்? நீங்கள் இல்லாமல் அவர்களிடம் பேசலாமா? அந்த அக்கா கோபப்படவில்லை. "தாராளமா பேசும்மா, நான் டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று சந்து முனைக்குப் போய்விட்டார். அப்போதே என் மனதில் சமாதானம் வந்தது.

அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். மாடியில் நின்றால் கடல் கொஞ்சம் ஓரமாகத்தான் தெரியும். அஞ்சலை அதே வீட்டில் இருக்கிறாள். ஓனர் லீசுப் பணத்தைத் தரும்வரை அவளை யாரும் அசைக்க முடியாது. சுவரைக் கோதண்டமே கட்டிவிட்டார். எங்கள் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தில் அவள் பின்வாசலில் நின்று, ஆமென் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் தப்பாமல் சொன்னாள். முடிந்ததும் என் விலாவில் இடித்து, "ரெண்டு வேண்டுதலும் பலிச்சிட்ச்சி பாத்தியா? ஆனா எங்க அம்மனுக்கும் அதுல பங்கு கீது" என்றாள்.

இப்போதெல்லாம் நான் அவசரப்பட்டு ஆமென் சொல்லுவதில்லை. தடை விழட்டும் என்று யாராவது ஜெபித்தால், அந்தத் தடைக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கிறேன். சொந்த வீட்டுக்காகக் காத்திருக்கிற சகோதர சகோதரிகளே, கர்த்தரை நம்புங்கள், தைரியமாகக் கேளுங்கள். தரகர் எந்த வாழ்த்துச் சொல்லி வந்தாலும் சரி, அவர் காரில் மட்டும் போகாதீர்கள். "காலி பண்ணித் தருகிறேன்" என்று அவர் சொன்னால், "எப்படி?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைத்தான் நாங்கள் விட்டோம். கேட்டுவிட்டு, அவர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, உங்கள் காலால் நடந்து பின்வாசலுக்குப் போங்கள். பயப்படாதீர்கள். எங்களுக்கு முன்பே கர்த்தர் அங்கே வந்து நின்றிருந்தார்.