டோல்கேட்டில் ஓர் இந்திக் கல்யாணப் படம்

வீடியோ கேசட் கடை வைத்து நொந்தவர்களுக்குத் தெரியும்: படத்தால் ஒரு தொல்லை என்றால், எடுத்தவனை யாரும் கேட்பதில்லை, வாடகைக்கு விட்டவனைத்தான் கேட்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் வடசென்னை டோல்கேட்டில் கடை வைத்திருந்தேன். பர்மா பஜாரில் கேசட்டுகளை மொத்தமாக வாங்கியபோது ஒரு பழைய இந்திப் படத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். படத்தில் மகள் கல்யாணத்துக்காக அப்பா வீட்டை விற்கிறார். அது போதாமல் மாப்பிள்ளை வீட்டார் மணமேடையில் கார் கேட்கிறார்கள். பெண் மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்துபோகிறாள். அந்த ஒரு கேசட் என் ஆயுளில் பாதியைத் தின்றது.

பாஷை

முதலில் எடுத்தது காசிமேட்டில் மீன் விற்கும் அஞ்சலையக்கா. இது இந்தி, புரியாது, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தேன். மறுநாள் கண் வீங்கி வந்து நின்றார். இன்னொரு நாள் வைத்துக்கொள்ள வேண்டுமாம், தெருவே பார்க்கக் காத்திருக்கிறதாம். ஒரு வார்த்தையாவது புரிந்ததா என்று கேட்டேன்.

"பொண்ணப் பெத்தவன் கைய கட்டிகினு நிக்கிறான். இதுக்கு இன்னாத்துக்குபா பாஷ?"

கோடு

மாலையைக் கழற்றும் இடத்தில் திரை முழுக்கக் கோடு விழுந்துவிட்டது. அதைச் சொல்லிச் சண்டைக்கு வந்தவர் ஒரு வெல்டர். வரிசையாகப் பெண்களைப் பெற்றவர். கேசட்டைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று எனக்கு வகுப்பெடுத்தார். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மெல்லக் கேட்டேன்.

"நல்லா கீதேன்னு அந்த எடத்த மட்டும் ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணி பாத்தோம். அதுக்கே கோடு வுழுந்தா அது இன்னா கேசட்டு?"

பெண் வீட்டில்

பின்தெரு செல்வி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்தாள். கேசட்டை எடுத்துப்போனவள் திருப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்கப் போனால் வாசலெல்லாம் செருப்பு. உள்ளே திருவொற்றியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார். பைக் இல்லாமல் பையன் தாலி கட்டமாட்டான் என்று முன்பே சொல்லியிருந்தார்களாம். செல்வியின் அப்பா மனைவியின் நகையை விற்கத் துணிந்திருந்தார். செல்வி வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, பேச்சு பைக்குக்கு வந்ததும் டிவியைப் போட்டிருக்கிறாள்.

நான் நுழையும்போது படத்தில் கார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பையனின் அம்மா முகம் சிவந்து எழுந்தார். எல்லோரும் பின்னாலேயே எழுந்தார்கள். பையன் மட்டும் டிவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான். செல்வி கேசட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள் அப்பாவுக்கு மகளைத் திட்ட மனம் வரவில்லை. நான்தான் அகப்பட்டேன்.

"கேசட்ட வுட்டு என் பொண்ணு கல்யாணத்த கெடுத்துட்டியே நைனா."

மீதிப் படம்

சில நாள் கழித்து அந்தப் பையன் கடைக்கு வந்தான். தகராறு என்றே நினைத்து ஷட்டரை இறக்கப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, வீட்டில் பார்க்க முடியாது, மீதிப் படத்தை இங்கேயே போட முடியுமா என்றான். ஸ்டூலில் உட்கார்ந்து, கோடுகளுக்கு நடுவே அந்தப் பெண் எழுந்துபோவதைப் பார்த்தான். படம் முடிந்ததும் ஸ்டூலை விட்டு எழுந்தான்.

"பைக்கு வாணாம்னு அவுங்க நைனாவாண்ட நானே சொல்றேன். நீ சும்மா கூட வந்து நில்லுண்ணா."

பந்தியில்

போய் நின்றேன். ராயபுரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் பைக் இல்லாமலே தாலி கட்டினான். கல்யாணத்தன்று செல்வியின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் பயந்தது பையனின் அம்மாவுக்கு. அவர் நேராகப் பந்திக்கே வந்து என் எதிரில் நின்றார்.

"வந்தது வந்துட்ட, நல்லா துன்னுட்டு போ. ஆனா என் சின்னவனுக்குப் பொண்ணு பாக்கற வரிக்கும் அந்த கேசட்ட எவளுக்கும் குடுக்காத."

எத்தனையோ சண்டைப் படங்களை வாடகைக்கு விட்டிருக்கிறேன், ஊர்ச் சண்டையை என் கடைக்கு இழுத்துவந்தது என்னவோ இந்த ஒரு குடும்பப் படம்தான்.