பேட்டரி விளக்கும் பத்து மணி இன்டர்வியூவும்

எங்கள் ஊர் மரக்காணத்தைத் தாண்டியதுமே டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. அன்று பத்து மணிக்கு என் மனைவிக்கு ஆரோவில்லில் இன்டர்வியூ. தையல் யூனிட்டில் சூப்பர்வைசர் வேலை. வருஷக்கணக்காக வீட்டில் ஜாக்கெட் தைத்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. பஸ்ஸில் போகிறேன் என்றவளை, “காரு எதுக்கு இருக்குது?” என்று மார்தட்டி ஏற்றிவந்தவன் நான்.

“அது என்னங்க, செவப்பா?”

“சும்மா எரியுது.”

“சும்மா எரியறதுக்கா லைட்டு வச்சிருக்கான்?”

ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றவில்லை என்று அர்த்தம். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். இருக்கிற சார்ஜை மிச்சம் பிடிக்க ஃபேனை அணைத்தேன். ஹாரனையும் தொடவில்லை. குறுக்கே வந்த மாட்டைப் பார்த்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி “ஹோய்!” என்று கத்தினேன். அவள் பவுடர் வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.

கூனிமேடு வருவதற்குள் நான்கு தடவை நிறுத்தி பானட்டைத் திறந்தேன். பெல்ட்டைத் தட்டினேன். வயர்களை ஆட்டினேன். வேறொன்றும் தெரியாததால் மறுபடியும் பெல்ட்டைத் தட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளேயிருந்து மணி என்ன ஆச்சு என்று சொன்னாள். விளக்கு அணையவில்லை.

கூனிமேட்டில் ஒரு எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துப் பார்த்தார். “ஆல்டர்னேட்டர் நல்லாதான்ணே இருக்குது. எர்த்து கெடைக்கல.” ஒரு துண்டு வயரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் மறுமுனையைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தார். விளக்கு அணைந்தது. எடுத்தார், எரிந்தது. குனிந்து, பேட்டரி மைனஸோடு இன்ஜினை இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினார். அடியில் கெட்டியாக நீலப் பெயிண்ட்.

“யாருண்ணே இதப் பண்ணது? பெயிண்டு மேல கரண்டு எப்படிப் போவும்? இத்தினி நாளு போல்ட்டு வழியா ஓடியிருக்கும், இப்ப அதுவும் துருப்புடிச்சிக்கிச்சி.”

“பழைய ஓனரா இருக்கும்” என்றேன்.

காருக்குள்ளிருந்து குரல் வந்தது. “நம்ம வீட்டு கேட்டுக்கு அடிச்ச கலருங்க அது.”

உப்பளக் காற்றில் எங்கள் ஊரில் எதுவும் துருப்பிடிக்காமல் தப்பாது. பெயிண்ட் மிச்சமிருந்தால் கை சும்மா இருக்காது. போன மாதம் எர்த் வயரைக் கழற்றி, அடி முதல் நுனி வரை ஒரு இடம் விடாமல் இரண்டு கோட் அடித்து மாட்டியிருந்தேன். மாட்டிய பிறகு தள்ளி நின்று அழகு வேறு பார்த்தேன்.

எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு, “மரக்காணமா? அப்ப சரி” என்றார் எலக்ட்ரீஷியன். “போன வாரம் ஒருத்தரு பேட்டரி டெர்மினலுக்கே அடிச்சிக்கினு வந்தாரு.”

நம்மைவிடப் பெரிய ஆள் ஊரில் இருக்கிறார் என்று ஆறுதலாக இருந்தது. அவர் உப்புத்தாள் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தபோது பாண்டிச்சேரி பஸ் வந்தது.

“நான் போறேன்.”

“பத்தே நிமிஷம்...”

“நீங்க அடிச்சத நீங்களே சுரண்டிக்கினு வாங்க.” ஏறிவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் உள்ளே போயிருந்தாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இன்ஜினைப் போட்டு விளக்கைப் பார்ப்பதும் அணைப்பதுமாக இருந்தேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், ஸ்டார்ட் ஆவலயா?”

“ஆவுது. அதான் பாக்கறேன்.”

வெகுநேரம் கழித்து அவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க.”

நான் துள்ளிய துள்ளலில் வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

“அவ்ளோ தூரத்துலேந்து டெய்லி டைமுக்கு எப்படி வருவீங்கன்னு கேட்டாங்க.”

“காரு இருக்குதுன்னு சொன்னியா?”

“பஸ்ஸு இருக்குதுன்னு சொன்னேன். ஒடனே சரின்னுட்டாங்க.”