அக்கா கேட்ட கழுத்துப்பட்டை

அக்கா மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சூளையைத் திறந்தால், அக்காவுக்கென்று மண்ணில் செய்த கழுத்துப்பட்டை மறுபடியும் விரிசல் விட்டிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாமல்லபுரத்தில் கடலுக்குச் சற்று உள்ளே தள்ளி, தகரக் கொட்டகை போட்டு, சுடுமண்ணில் சிற்பம் செய்கிறேன். காதிலும் கழுத்திலும் போட்டுக்கொள்கிற மாதிரியும் செய்வேன். சுற்றிலும் எல்லோரும் கல்லைக் கொத்துகிறார்கள். நான் ஒருத்திதான் மண்ணோடு மல்லுக்கட்டுகிறேன். இங்கே கடற்காற்றுதான் பெரிய தொல்லை. அது வீசுகிற பக்கம் மண் சீக்கிரம் காய்ந்துவிடும், மறுபக்கம் ஈரமாகவே கிடக்கும். அப்படியே சுட்டால் விரிசல்தான். ஈரத்துணி சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போலத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வயதில் என் தோள்பட்டை அதற்கெல்லாம் ஒத்துழைப்பதில்லை.

அக்கா மறைமலைநகரில் இருக்கிறாள். தைராய்டு கட்டியை எடுத்த தழும்பு அவள் கழுத்தில் குறுக்காக ஓடுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேதான் இருப்பாள். யாரையும் பார்க்க விடமாட்டாள், என்னையும்தான். மகளுக்குக் கல்யாணம் முடிவானதும் எனக்கு போன் செய்தாள். மேடையில் போர்த்திக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காது, தழும்பு தெரியாத மாதிரி அகலமாக ஒன்று செய்து கொடு என்றாள். அக்கா அதுவரை என்னிடம் எதையும் கேட்டவளில்லை.

அளவு எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாவாடை தாவணி போட்ட காலத்திலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே அளவு ரவிக்கைதான். ஒன்றைக் கொடுத்தால் தையல்காரர் இரண்டு பேருக்கும் தைத்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் என் கழுத்தையே அளந்து, சூட்டில் மண் சுருங்குவதற்கும் இடம் விட்டு, இன்னொரு முறை செய்தேன். இந்த முறை தப்பித்தது. பாசிப்பச்சை நிறம், ஓரம் முழுக்க மடிப்பு மடிப்பாக. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

கல்யாணத்தன்று காலையில்தான் மதுராந்தகம் மண்டபத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, அக்காவின் கழுத்தில் வைத்துப் பின்னால் கயிற்றைக் கட்டினேன். பட்டை நழுவிக் கழுத்தடி எலும்பின் மேல் போய் உட்கார்ந்தது. எவ்வளவு இறுக்கினாலும் மேலே நிற்கவில்லை. அக்கா அந்த அளவுக்கு இளைத்துப்போயிருந்தாள். போர்த்தியே வைத்திருந்ததில் எனக்கு அது தெரியாமலே போயிருந்தது. பட்டைக்கு மேலே தழும்பு முழுசாகத் தெரிந்தது.

வெளியே பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று செய்ய நேரமும் இல்லை, உடம்பில் சத்தும் இல்லை. முந்தானையை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டு ஊக்கு குத்தப் போனேன். பட்டையும் சேர்ந்து மறைந்துவிடும், போகட்டும் என்று நினைத்தேன்.

அக்கா கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வுடு டி. மூடி மூடி எனக்கே அலுத்துப்பூடுச்சு."

முந்தானையைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு, நழுவிய பட்டையோடேயே மேடைக்குப் போனாள். ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். சூளை முன்னால் வராத அழுகை அப்போது வந்தது.