அமத்த என்ன குடுத்தீக?

ஞானம் இறந்த செய்தியைச் சோழவந்தான் மாயாண்டிதான் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். "சமயநல்லூர்ல நம்ம ஞானம் நர்சம்மா தவறிட்டாக" என்றார். ஒரு காலைச் சாய்த்து நடப்பவர் அவர். இன்று அவர் நடமாடுவதே ஞானத்தால்தான். அவளோடும் என்னோடும் எங்கள் வார்டில் நர்சாக வேலை பார்த்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டீர்கள்.

பல வருஷங்களுக்கு முன்பு வெற்றிலைக் கொடிக்காலில் ஏணி சரிந்து மாயாண்டியின் தொடை எலும்பு முறிந்தது. மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். டாக்டர் வலிக்கு மார்பியா ஊசியும் தூங்குவதற்குக் குளோரலும் எழுதினார். இரண்டும் சேர்ந்தால் மூச்சை அமுக்கும். ஏற்கெனவே ஏதாவது உள்ளே போயிருந்தால் ஆபத்து. அதனால் மருந்து கொடுத்தீர்களா என்று மாயாண்டியின் மனைவியிடம் விசாரித்தேன். "ஒரு மருந்தும் குடுக்கலம்மா" என்றாள். பொய் சொல்லும் முகமில்லை.

ஞானத்துக்கு மனிதர்களின் வாயைவிடக் கண்ணின் மேல்தான் நம்பிக்கை. மாயாண்டியின் இமையை விலக்கிப் பார்த்தாள். கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது; மயக்கும் மருந்து ஏதோ உள்ளே போயிருப்பதற்கு அடையாளம் அது.

"மருந்த விடு தாயி. வழியெல்லாம் கத்திருப்பாருல்ல, அமத்த என்ன குடுத்தீக?"

"அதுவா? அபின் உருண்டையப் பால்ல கரைச்சுக் குடுத்தோம். வீட்டுல இருக்கறதுதான, அது என்ன மருந்தா?"

ஞானம் டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் இரண்டையும் நிறுத்தினார். மாயாண்டியின் மூச்சு மந்தமாகும்போதெல்லாம் ஞானம் பெயர் சொல்லி எழுப்பி, கொடிக்கால் கதை கேட்டு, அவரைத் தூங்கவிடாமல் தொல்லை செய்தாள். அபின் இறங்கியதும் மாயாண்டி வார்டே அதிரக் கத்தினார். மனைவி ஞானத்தைக் கல்நெஞ்சுக்காரி என்று ஏசினாள்.

"கத்தட்டும் தாயி. கத்துற ஆளுக்கு மூச்சு இருக்கு" என்றாள் ஞானம்.

கண்மணி விரிந்து, மூச்சும் சீரான பிறகே டாக்டர் மார்பியாவை அனுமதித்தார், அதுவும் கொஞ்சமாக. குளோரல் கொடுக்கவேயில்லை. மாயாண்டியின் மார்பில் கையை வைத்துக்கொண்டு ஞானம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிட வா என்று நான் கூப்பிட்டதற்கு முறைத்தாள். அவள் கோபம் அப்படித்தான், சத்தமே இருக்காது.

அதன் பிறகு எங்கள் வார்டில் மருந்து கொடுத்தீர்களா என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. ஞானம் கேட்டதையும் கேட்கிறோம். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான்.

மாயாண்டி செய்தியைச் சொல்லிவிட்டு, "நோவுல கிடந்தாக. கடைசியில நல்லாத் தூங்கினாக, அப்படியே போயிட்டாக" என்றார். என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்: "அமத்த என்ன குடுத்தாக?"

"ஒண்ணும் குடுக்கல. தானா வந்த தூக்கம்மா" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.