இலவம்பஞ்சு மெத்தையும் என் மதினியும்

என் தலைப்பிள்ளை தூக்கத்திலேயே போய்விட்டது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. தேவதானப்பட்டியில் என் அம்மா வீட்டில் பிறந்து, மூன்றாம் மாதம் கம்பத்துக்குக் கொண்டுவந்த பெண்பிள்ளை. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கம்பத்தில் என் புருஷன் வீட்டை ஆண்டது அவருடைய அக்கா. தாலியறுத்து, ஒரே மகளோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். மதினி என்று கூப்பிட வேண்டும், கூப்பிட்டேன். மனசுக்குள் வேறு பெயர் வைத்திருந்தேன். அவர்களுக்கு மலையடிவாரத்தில் இலவ மரங்கள் இருந்தன. வீட்டில் பிள்ளை பிறந்தால் புதுப் பஞ்சில் மெத்தை தைத்துப் போடுவது பெரிய பெருமை. கை வைத்தால் மணிக்கட்டு வரை உள்ளே போகும்.

அன்றைக்கு ஆடிச் சாரல். மதினிதான் பிள்ளையைக் குளிப்பாட்டினாள், சாம்பிராணிப் புகை போட்டாள், கம்பளியைச் சுற்றி அந்த மெத்தையில் குப்புறப் போட்டாள்.

"குப்புறப் போட்டாத்தான்த்தா வாயு எறங்கும். கதவச் சாத்து, மலைக்காத்து ஆகாது," என்றாள்.

மத்தியானம் எனக்குப் பால் கட்டி வலித்தது. உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். மூக்கு மெத்தைக்குள் புதைந்து கிடந்தது. மூச்சில்லை.

அழுது முடிக்கக்கூட விடவில்லை, பாவி! துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "இவ பாலுதான் விசம். பிள்ளய முழுங்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க," என்றாள். எனக்குச் சனி பிடித்திருக்கிறதென்று குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துப்போய் எள் விளக்கு ஏற்ற வைத்தாள். என் புருஷன் வாயில் கொழுக்கட்டை.

மறுபடி உண்டானபோது ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கேட்டேன். "எதனாலன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. நல்லா இருக்கிற பிள்ளையும் இப்படிப் போயிருது," என்றார். "ஆனா முகம் பொதையிற மெத்த வேண்டாம். மல்லாக்கப் போடு. போர்த்தி மூடாத, புகையும் போடாத."

பையன் பிறந்ததும் மதினி அதே மெத்தையை வெயிலில் காயவைத்து எடுத்து வந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. பிடுங்கி முற்றத்தில் வீசினேன். கோரைப்பாயில் துணி விரித்து மல்லாக்கப் படுக்கவைத்தேன். அவள் சாம்பிராணிச் சட்டியோடு வரும்போதெல்லாம் வாசலை மறித்து நின்றேன்.

"இதயும் முழுங்கப் போறா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். "எல்லாம் நான் சனீஸ்வரன்கிட்ட வேண்டிக்கிட்டது," என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகும் என்னைப் பிள்ளை முழுங்கி என்று சொல்வதை மட்டும் விடவில்லை. வெட்கங்கெட்டவள்!

சில வருஷம் கழித்து அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேரன் பிறந்தான். வெந்நீர் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். மதினி பேரனைக் கோரைப்பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மெத்தை இல்லை, கம்பளி இல்லை, புகை இல்லை. ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பெறகு எதுக்கு மதினி இத்தன வருசமா என்னயச் சொன்னீக?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேரன் நெற்றியில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

"ஒன்னயச் சொல்லலன்னா, எல்லாரும் என்னயல்ல சொல்லியிருப்பாக," என்றாள்.